கட்டையைச் சுற்றிய ஆடு

சிறுவயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. வியாதி என்று சொன்னவர் பெரியம்மா. ஒருவரைப் பார்த்ததும் என் மனதுக்குள் ஒரு படம் வந்து நிற்கும், அவ்வளவுதான். அம்மாவுக்குக் கோபம் வருவதற்குச் சற்று முன்னரே மூடி துள்ளுகிற கேத்தல் ஒன்று தெரியும். நான் குசினியை விட்டு ஓடிவிடுவேன். யாழ்ப்பாணம் போன அப்பா காரியம் ஆகாமல் திரும்பினால், அவர் வாயைத் திறக்குமுன் காற்றுப்போன சைக்கிள் சில்லு தெரியும். இதைப் பெரியம்மாவிடம் சொல்லப்போய், அவர் எனக்கு நாவூறு கழித்து, தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து முழுகவார்த்தார். அதன்பிறகு அம்மாவிடம் மட்டும் சொல்வேன். அம்மா கேட்டுக்கொள்வார், சிரிக்கமாட்டார்.

எனக்கு ஏழு வயதாயிருந்தபோது அக்காவுக்குக் கல்யாணம் பேசிவந்தது. மாப்பிள்ளை கொழும்பில் அரசாங்க உத்தியோகம். சாதகம் பொருந்தியது. வேலணையில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன சொந்தக்காரர் எல்லோரும் அக்காவின் அதிர்ஷ்டத்தைப் பற்றியே பேசினார்கள். அக்கா ஆசிரிய கலாசாலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அதெல்லாம் இனித் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவும் தலையாட்டிவிட்டார். அக்கா எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள்.

எனக்கு மட்டும் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே படம் வந்தது. கட்டையில் கட்டிய ஆடு. சுற்றிச் சுற்றி வந்து கயிறு முழுவதும் கட்டையில் சுற்றுப்பட்டு, மூக்கு கட்டையில் முட்ட நிற்கிறது. கத்தவும் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு புடைத்தார்.

அப்பா எந்த நல்ல காரியத்தையும் அம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்க்காமல் செய்யமாட்டார்.

"எதுக்கும் அம்மாளாச்சியிட்ட ஒருக்கால் கேட்டுப்போட்டுச் செய்வம்" என்றார்.

அம்மாளாச்சியிடம் கேட்கவேண்டும் என்று தோன்றிய மனிதருக்கு, அடுத்த அறையில் இருந்த அக்காவிடம் கேட்கத் தோன்றவில்லை. அவரில் குறை சொல்லவும் முடியாது. ஊரில் எல்லா அப்பாமாரும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளை அலரியில் ஒரு பூவும் சிவப்பு அலரியில் ஒரு பூவும் ஆய்ந்து வரும்படி அப்பா சொன்னார். வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் வேண்டாம். பூப்பறித்தது அம்மா, வாழையிலைத் துண்டுகளில் வைத்து நாரால் கட்டியதும் அம்மா. கோவிலில் ஐயர் இரண்டு பொட்டலங்களையும் அம்மன் காலடியில் வைத்துப் பூசை செய்து, தட்டில் எடுத்துவந்து என் முன்னால் நீட்டினார். கள்ளமில்லாத கை வேண்டும் என்பதால் என்னைப் பிடித்திருந்தார்கள்.

பிழையானதை எடுத்தால் அக்கா போய்விடுவாள் என்று பயமாக இருந்தது. கண்ணை மூடி, ஒரு பொட்டலத்துக்கு மேலே கையைப் பிடித்தேன். ஆடு மெல்ல மறுபக்கம் திரும்பியது. கையை மற்றதுக்கு மேலே கொண்டுபோனேன். ஆடு மறுவளமாக ஒரு சுற்று நடந்தது. கயிறு கொஞ்சம் இளகியது. அதை எடுத்துக் கொடுத்தேன். ஐயர் அவிழ்த்தார். சிவப்பு.

அப்பா சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தட்டில் கிடந்த மற்றப் பொட்டலத்தை அம்மா எடுத்துச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டார். யாரும் அதை அவிழ்த்துப் பார்க்கவில்லை. அம்மாளே சொன்னபிறகு என்ன பார்வை?

அன்று மத்தியானம் அக்கா இரண்டுதரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நாலு மாதத்தில் கலாசாலைக்குப் போனாள். ரீச்சராகி, அங்கே கூடப் படித்த ஒருவரையே கட்டி, இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறாள். பிற்காலத்தில் அப்பா, ரீச்சரின் தகப்பன் என்று பஸ்ஸில் யாராவது இடம் கொடுத்தால், மறுக்காமல் உட்காருவார். எல்லாவற்றுக்கும் என் கைதான் காரணம் என்று நான் வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஒன்றுதான் அன்றைக்கு இடித்தது. கோவிலிலிருந்து திரும்பும்போது அப்பா முன்னால் போய்விட்டார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தபோது ஒரு புதுப் படம் வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு அலரிப்பூ மிதக்கிறது. இரண்டும் சிவப்பு.

"அம்மா, ரண்டு பூவும் சிவப்பாத் தெரியுது" என்றேன்.

அம்மா நின்றுவிட்டார். சேலைத்தலைப்பின் முடிச்சைக் கை இறுக்கிப் பிடித்தது. பிறகு குனிந்து என் காதருகே சொன்னார்.

"அதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, பிள்ளை. அப்பாவுக்கும் வேண்டாம்."

ஓம் என்று தலையாட்டினேன். ஒன்று வெள்ளையாக இருக்கவேண்டுமே. என் படம் முதல் தடவையாகப் பிழையாகிவிட்டது என்று வெட்கமாக இருந்தது. வெளியே தெரிந்தால் எல்லோரும் சிரிப்பார்கள் என்றுதான் அம்மா என் பிழையை மறைக்கிறார் என்று நினைத்து, அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.