ஹெட்விக்கின் நான்கு நிமிடங்கள்

எக்கார்ட் லோமையருக்குப் பதினேழு வருடம் நான்தான் செயலாளர். மனுஷன் நல்லவர். அதை முதலில் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்கிறேன்.

காசல் நகர நாடக அரங்கில், மேடைக்குப் போகும் பிரதிகளைப் படித்து, நீளமானதை வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. வெட்டும் கோட்டைப் பென்சிலால்தான் போடுவார். வசனம் பறிபோன நடிகரை அன்றைக்கே உணவகத்தில் பிடித்து, பீர் வாங்கிக் கொடுத்து, முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். அங்கே அது எழுதாத சட்டம். நடிகர் கத்துவார், அழுவார், சில சமயம் ஜெயித்தும் விடுவார். உடனே ரப்பரை எடுத்து அழித்துவிடுவார் லோமையர்.

பிள்ளைகள் பிறந்ததும், நிரந்தர வேலை என்று கொலோனுக்கு, தொலைக்காட்சிக்கு வந்தார். பென்சிலும் கூடவே வந்தது. இங்கே பிரதியில் அவர் போடும் கோட்டைப் பார்த்துப் படச்சுருளையே வெட்டிவிடுவார்கள். யாரும் யாரிடமும் சொல்வதில்லை. வருடத்துக்கு நாற்பது படம் வெட்டினால் எந்த மனுஷனுக்குத்தான் அலுக்காது?

எண்பத்தாறாம் வருடம் ஒரு படம் நான்கு நிமிடம் நீண்டுவிட்டது. அடுத்து வரும் செய்தி காத்திருக்காது. வெட்டி எடுக்கக்கூடியது ஒரே காட்சிதான், ஹெட்விக்கினது. காசலில் அவரோடு இருந்த நடிகை. எழுபது வயதில் அந்தம்மாளைத் தேடிப்பிடித்து அந்த வேடத்தைக் கொடுத்தவரே லோமையர்தான். அந்தம்மாளுக்குப் படத்தில் இருந்ததே அந்த ஒரு காட்சி.

"அவங்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க," என்றேன்.

"போடறேன், போடறேன்."

"திங்கக்கிழமையும் இதத்தான் சொன்னீங்க."

"முடியல ரெனாட்டே. அவ கத்துவா. கேக்கத் தெம்பில்ல."

"காசல்ல மட்டும் கேட்டீங்களாக்கும்?"

"அங்க கத்தினா வசனத்தத் திருப்பிக் குடுக்க முடிஞ்சுது."

வியாழக்கிழமை படம் ஒளிபரப்பானது. அவர் போன் போடவே இல்லை. நானாவது போட்டிருக்கலாம். எனக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டேன், பாவி.

வெள்ளி காலை அந்தம்மாளே கூப்பிட்டார். இணைப்பைக் கொடுத்துவிட்டு நானும் ஒட்டுக்கேட்டேன்.

"டேய் எக்கார்ட், மாடிவீட்டுக்காரங்க ஆறு பேரையும் கூப்ட்டு உக்கார வச்சிருந்தேன்டா. உருளைக்கிழங்கு சாலட்லாம் பண்ணி வச்சு, 'இருங்க, இப்ப வந்துருவேன்'னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தேன்."

"ஹெட்விக், நான் வந்து…"

"கத்த மாட்டேன், பயப்படாத. நீளமா இருந்திருக்கும், எடுத்துட்ட. பென்சில்லதானே அடிச்ச?"



"ஆமா. பென்சில்லதான்."

"அப்பச் சரி. அடுத்த தடவ படத்தப் போடறப்ப என்னை உள்ள சேத்துடு. அவங்களையும் மறுபடி வரச் சொல்லியிருக்கேன்."

"சரி," என்றார்.

வெட்டிய சுருள் புதன்கிழமையே குப்பைக்குப் போய்விட்டது. கொண்டுபோய்ப் போட்டவள் நான்.