சைராகுல் எஜேயின் இங்கிலீஷ்

மலையடிவார நகரமான எங்கள் கராகோலில் வெளிநாட்டு மலையேறிகள் தங்கும் விடுதி ஒன்றில் பதினோரு வருடம் சமைத்தவர் சைராகுல். அங்கே படுக்கை விரிக்கிற வேலை எனக்கு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எனக்கு அவர் எஜே, அதாவது அக்கா. கோபக்காரி. லக்மன் நூடுல்ஸுக்கு மாவை இழுத்து மேசையில் அடிக்கும்போது யாரையோ அறைவதுபோல இருக்கும்.

அவர் கணவன் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். கூரைமேல் அவன் மாட்டிய டிஷ் மட்டும் மிஞ்சியது. அதில் ஒரு சேனலில் சாயங்காலம் முழுக்க இங்கிலீஷ் சிரிப்பு நாடகங்கள். நாலு பேர் சோபாவில் உட்கார்ந்து பேசுவார்கள், கண்ணுக்குத் தெரியாத கூட்டம் சிரிக்கும். பள்ளியில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு எஜே பார்த்தார். கிவ் என்றால் கொடு, அப் என்றால் மேலே. ஒருத்தி "ஐ கிவ் அப்" என்று சோபாவில் விழுந்தாள். யாரும் எதையும் மேலே கொடுக்கவில்லை. ஆனாலும் கூட்டம் சிரித்தது.

"என் வீட்டுக்குள்ள எனக்குப் புரியாம எவனும் சிரிக்கக் கூடாது," என்றார் என்னிடம். அந்த எரிச்சலில்தான் படிக்க ஆரம்பித்தார்.

அலமாரிக் கதவின் உட்பக்கம் சாக்கட்டியால் எழுதுவார். அர்த்தத்துக்குப் பதில் யார் என்ன செய்தார்கள் என்று எழுதுவார். "கால் ஆஃப்: மூக்கன் கல்யாணத்தை நிறுத்தினான்." "புட் அப் வித்: சிவப்புத் தலைக்காரி மாமியாரைச் சகிச்சுக்கிறா." கதவு நிறைந்ததும் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவார். ஆறு வருடம் இப்படியே போனது. விருந்தாளிகள் பேசுவது முழுதும் அவருக்குப் புரிந்தது. விடுதியில் ஒருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மொழிபெயர்க்கத்தான் தாலாய்பெக் இருந்தானே, தலைநகரில் டிப்ளமோ வாங்கியவன்.

போன ஆகஸ்டில் ஓர் இங்கிலீஷ் தம்பதி கணவாய்க்குத் தனியாகக் கிளம்பினார்கள். மூன்றாம் நாள் மதியம் மனைவி விடுதிக்கு போன் செய்தாள். சாப்பாட்டு மேசையிலேயே தாலாய்பெக் ஸ்பீக்கரில் போட்டான். காற்றுச் சத்தம். "ஹீ பாஸ்ட் அவுட். ஹீ கேம் டூ, தென் ஹீ பாஸ்ட் அவுட் அகெய்ன்," என்றாள் அவள். இருக்கும் இடத்தைச் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது.

"என்னவாம்?" என்றார் மேலாளர் எர்மெக்.

"புருஷன் அவளைத் தாண்டிப் போயிட்டானாம். திரும்பி வந்தானாம், மறுபடியும் தாண்டிப் போயிட்டானாம். புருஷன் பொண்டாட்டி சண்டை, பைகே," என்றான் தாலாய்பெக். எர்மெக்கை அவன் அப்படித்தான் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவான்.

இருவரும் சிரித்தார்கள். எஜே கரண்டியோடு வெளியே வந்தார்.

"தாண்டிப் போகலடா, மயங்கி விழுந்துட்டான். முழிச்சான், மறுபடி விழுந்துட்டான். ஆளை அனுப்புங்க."

"எஜே, சூப்பு பொங்குது பாருங்க," என்றான் தாலாய்பெக். "டிவியில சிரிப்பு நாடகம் பாத்தா இங்கிலீஷ் வந்துடுமா?"

"உன் டிப்ளமோ ஒருத்தன் உயிரைக் குடிக்கப் போகுது."

"சைராகுல், உள்ள போ," என்றார் எர்மெக்.

எஜே உள்ளே போகவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து எர்மெக்கின் தட்டின் மேல் போட்டுவிட்டு, நேராக மீட்புப் படை அலுவலகத்துக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். அங்கிருந்த ஆட்கள் கேள்வி கேட்காமல் வண்டியை எடுத்தார்கள். கணவாய்ப் பாதை நெடுக தேடிப்போய், அதன் விளிம்பில் ஒரு பாறைக்குப் பக்கத்தில் அந்த ஆளைக் கண்டுபிடித்தார்கள். உயரத்தால் மூளை வீங்கியிருந்ததாம். இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் பிணத்தைத்தான் இறக்கியிருப்போம் என்றார் டாக்டர்.

வெறுப்பான கட்டம் அதற்கப்புறம்தான் வந்தது. மனைவி நன்றி சொல்ல விடுதிக்கு வந்தாள். எர்மெக் தாலாய்பெக்கை முன்னால் தள்ளினார். அவனும் வெட்கமில்லாமல் கை நீட்டினான். மறுநாள் ஒரு காகிதம் தயாரானது: மொழிபெயர்ப்பாளர் உடனே புரிந்துகொண்டு தகவல் கொடுத்தார் என்று. சாட்சியாக எஜே கையெழுத்துப் போட வேண்டும்.

"போடலேன்னா?"

"வேலை இருக்காது," என்றார் எர்மெக்.

எஜே காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் நடந்ததை இங்கிலீஷில் எழுதினார். ஸ்பெல்லிங் பாதி தப்பு. அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் அந்த மனைவியின் கையில் கொடுத்தார். அவள் படித்து முடிக்கும்வரை நின்றார். அவள் அழுதாள். எஜே அழவில்லை. "ஹீ மேட் இட் அப். டோன்ட் லெட் ஹிம் கெட் அவே வித் இட்," என்றார். அவன் கதை கட்டினான், தப்பிக்க விடாதே என்று அர்த்தம். எனக்கு அவர்தான் பிறகு சொன்னார்.

அவள் சுற்றுலாத் துறைக்குப் புகார் எழுதினாள். விசாரணை நடந்தது. எர்மெக் இன்னும் அங்கேதான் இருக்கிறார். தாலாய்பெக் தலைநகருக்குப் போய் இப்போது பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறான். அதைக் கேட்ட அன்று எஜே ஒரு கோப்பையைச் சுவரில் எறிந்து உடைத்தார்.

அவருக்கு வேலை போனது. பஜாரில் ஓர் உணவுக்கடையில் அடுப்பைப் பார்க்கிறார். மலையிலிருந்து இங்கிலீஷில் அழைப்பு வந்தால் மீட்புப் படைக்காரர்கள் அவருக்குத்தான் இணைப்பைக் கொடுக்கிறார்கள். பதவியும் கிடையாது, சம்பளமும் கிடையாது.

"ஆபத்துன்னா நான் எஜே, மத்த நாள் சமையக்காரி," என்று கத்துவார்.

"அப்ப எடுக்காதீங்க, எஜே."

"எடுக்காம? ஒருத்தன் சாகட்டும்னு விட்டுடவா? எடுப்பேன். இவனுங்களைத் திட்டிட்டுத்தான் எடுப்பேன்."