மேலே ஊற்றிய ஒரு குவளை

பக்கோக்கு பட்டணத்துக்குப் போகிற வண்டிப்பாதை எங்கள் ஊரைத் தொட்டுத் திரும்புகிற இடத்தில், புளியமரத்தடியில் ஒரு தண்ணீர்ப்பந்தல் இருக்கிறது. நாலு கால், மேலே பனையோலை, பலகைமேல் மண்பானைகள். அதைப் போட்டவள் சோ யின் அக்கா. அவள் புருஷன் ஐராவதி ஆற்று வெள்ளத்தில் படகோடு போனபோது, அவன் பேருக்குப் புண்ணியம் சேரட்டும் என்று போட்டாள். அன்று முதல் குளத்தில் மொண்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, பானைகளை நிரப்பிவிட்டுத்தான் அவள் வாயில் சோறு வைப்பாள். நானும் காவடியில் இரண்டு குடம் தூக்கிக்கொண்டு கூடப் போவேன்.

கடலை உடைத்துப் பிழைக்கிறவள். பேச்சு குறைவு. ஆனால் வெயிலில் வந்தவன் ஒருவன் குவளையைக் கவிழ்த்துவிட்டு "அப்பாடா" என்று மூச்சு விட்டால் போதும், அன்று முழுக்க அவளுக்கு வேறு சாப்பாடு வேண்டாம். வீட்டுக்கு வந்தவருக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுப்பது எங்களுக்குப் பூசை மாதிரி. வெதுவெதுப்பாகக் கொடுத்தால், "ஏன் வந்தாய்" என்று கேட்டதற்குச் சமம்.

அந்தக் கோடையில் ரங்கூனிலிருந்து சில பிள்ளைகள் தொண்டு செய்ய வந்தார்கள். எங்களோடு சேர்ந்து கக்கூஸ் கட்டவும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுக்கவும். அவர்களுக்குத் தலைவன் கோ லுவின். ஆளுக்கொரு வீட்டில் தங்கினார்கள். மே சபே என்கிற பெண் சோ யின் அக்கா வீட்டுக்கு வந்தாள். மெலிந்த பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

"என்ன தங்கச்சி, யானை மேய்க்கவா வந்த?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு தான் மே. அவள் புத்த மடத்து வாசலில் கூடை வைத்து, ஊறவைத்த தேயிலையையும் வறுத்த கடலையையும் தக்காளியையும் கையால் பிசைந்து விற்கிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

"கண்ணாடிவிரியன் இருக்காமே அக்கா" என்றாள் சபே.

"இருக்கு. பூட்ஸப் பாத்தா சிரிச்சே செத்துடும்."

கோ லுவின் வாசலில் நின்றபடியே சொன்னான். "சோ யின் அக்கா, இவங்க பட்டணத்து வயிறு. காய்ச்சாத தண்ணி ஒரு வாய் கூடாது. கொசுவலைக்குள்ளதான் படுக்கணும். பச்சையா எதையும் திங்கக் கூடாது. படுத்துட்டாங்கன்னா உங்களுக்குத்தான் பாரம். உதவி பண்ண வந்தவங்களுக்கு நீங்க உதவி பண்ணிக்கிட்டு உக்காந்திருப்பீங்க."

"காய்ச்சிக் கொடுக்கிறேன் தம்பி" என்றாள் அக்கா. சொன்னபடி காய்ச்சினாள். கடலைத்தோலை அடுப்பில் தள்ளித் தள்ளி, தண்ணீர் குதித்துக் கொதிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கோ லுவின் எட்டிப் பார்த்து, மற்ற வீட்டுக்காரர்களிடம் "சோ யின் அக்காவப் பாத்துக் கத்துக்கங்க" என்றான்.

ஆனால் அந்த வெயிலில் எந்தத் தண்ணீர் ஆறும்? நாள் முழுக்கக் குழி தோண்டிவிட்டு முகம் சிவந்து வருகிற பெண்ணுக்கு வெந்நீரை எப்படி நீட்டுவது? அக்காவுக்குக் கை வரவில்லை. ஆறிக்கொண்டிருக்கிற பானையில், பந்தலிலிருந்து கொண்டுவந்த குளிர்ந்த தண்ணீரை மேலே ஒரு குவளை ஊற்றினாள். காய்ச்சின தண்ணீர் செத்த தண்ணீர், அதற்கு மேலே கொஞ்சம் உயிர்த் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எங்கள் வீடுகளில் சொல்வதுண்டு. அதுவும் எந்தத் தண்ணீர்? புத்தரை நினைத்துக்கொண்டு நிரப்பிய தண்ணீர். பெரிய பிக்கு பிச்சைக்கு வரும்போது குடிக்கிற தண்ணீர். அது யாரை என்ன செய்யும்?

"பெரியம்மா, உங்க வீட்டுத் தண்ணி மாதிரி எங்கயும் இல்ல" என்பாள் சபே. அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

புத்தர் ஞானம் பெற்ற நாளான கசோன் பௌர்ணமிக்குச் சில நாள் முன்னால் சபே படுத்துவிட்டாள். காலையில் பள்ளிக்கூட வாசலிலேயே வாந்தி. பிறகு வயிற்றுப்போக்கு. மத்தியானத்துக்குள் கண் குழிந்து, உதடு வெடித்து, எழுந்து நிற்க முடியாமல் ஆனாள். மாட்டுவண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்து, உப்புச் சர்க்கரைத் தண்ணீரைத் துளித்துளியாக வாயில் விட்டுக்கொண்டு, பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அக்கா அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்தது பிள்ளை.

"என்ன சாப்பிட்டா?" என்று கோ லுவின் ஊரெல்லாம் கேட்டான். தான் மே கூடையில் ஒரு தடவை வாங்கித் தின்றாள் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். "கையக் கழுவறாளோ என்னவோ" என்றாள் ஒருத்தி. "ஈ மொய்க்கிற தக்காளி" என்றாள் இன்னொருத்தி. தின்று வளர்ந்த வாய்கள்தான் எல்லாம். மறுநாளிலிருந்து தான் மேயின் கூடை போன மாதிரியே திரும்பி வந்தது.

"என் கைய முகர்ந்து பாருங்கடி" என்று முதல் நாள் தெருவில் நின்று கத்தினாள். அப்புறம் கத்தவில்லை. அதுதான் பார்க்க முடியவில்லை.

கோ லுவின் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் மருந்து போட்டு, குளம், கிணறு, பந்தல் எல்லாவற்றிலும் தண்ணீர் எடுத்து மடத்து வராந்தாவில் வைத்தான். அழுக்குத் தண்ணீர் இருந்தால் குப்பி கறுக்குமாம். மறுநாள் பார்த்தால் பந்தல் குப்பி அடுப்புக்கரி மாதிரி இருந்தது. ஊர் கூடி நின்றது. அக்காவின் முகத்தை நான் பார்த்தேன்.

"உங்க குத்தமில்ல அக்கா, குளத்துத் தண்ணி அப்படி" என்றான் கோ லுவின், மனசு நோகக் கூடாதென்று. "நல்லவேளை, சபேவுக்கு வீட்டுல காய்ச்சிக் கொடுத்தீங்க. உங்க வீட்டுத் தண்ணிய நான் சோதிக்கவே இல்ல. சோதிச்சா எனக்குத்தான் பாவம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கொஞ்சம் தள்ளி, காலிக் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள் தான் மே. அக்கா அவளைப் பார்த்தாள். புருஷன் பேருக்குப் போட்ட பந்தல். எப்படிச் சொல்லுவாள்? தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதற்கப்புறம் அவள் சோறு தின்னவில்லை. புத்தர் மாடத்துக்கு முன்னால் உட்கார்வாள், கும்பிட மாட்டாள். சபே திரும்பி வந்து பாயில் படுத்திருந்தாள். நான் கஞ்சி கொண்டுபோன அன்றைக்குத்தான் அக்கா அவள் காலடியில் உட்கார்ந்து சொன்னாள்.

"மகளே, அந்தத் தண்ணி... நான் மேல ஊத்தினேன். பந்தல் தண்ணி. தெனமும்."

சபே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் பெரியம்மா" என்றாள். "காய்ச்சின தண்ணி இந்த வெயில்ல அப்படிக் குளிருமா? ரெண்டாம் நாளே நீங்க ஊத்தறதப் பாத்தேன்."

"பாத்துமா குடிச்ச?"

"நீங்க குவளையை நீட்டிக்கிட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பீங்க. எப்படி வேணாங்கறது? பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல தண்ணி காய்ச்சுங்க, காய்ச்சுங்கன்னு பாடம் எடுத்துட்டு, வந்து இதைக் குடிப்பேன். ஆஸ்பத்திரியில கோ லுவின் அண்ணன் கேட்டப்பவும் சொல்லல. தான் மே அக்கா பேரச் சொன்னாங்க. கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் கஞ்சியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஒருத்திக்குக் கொடுக்காமல் இருக்க வெட்கம். ஒருத்திக்கு வேண்டாம் என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தின் விலையை மூன்றாவது ஒருத்தி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கசோன் பௌர்ணமி அன்று ஊர்ப் பெண்கள் எல்லாம் பூவும் தண்ணீர்க் குடமுமாக மடத்து அரசமரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வரிசையாகப் போனோம். வாசலில் தான் மே கூடையோடு உட்கார்ந்திருந்தாள். திருவிழா நாளிலும் அவளிடம் நிற்க ஆளில்லை. வரிசையில் முன்னால் போன சோ யின் அக்கா அங்கே நின்றாள். குடத்தைக் கீழே வைத்தாள். எங்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"சபேவப் படுக்க வச்சது என் தண்ணி" என்றாள். வரிசையின் கடைசியில் நின்றவளுக்கும் கேட்டது. "காய்ச்சினதுல பந்தல் தண்ணிய ஊத்திக் கொடுத்தேன். இவ கையில ஒண்ணுமில்ல."

சபேயும் பக்கத்தில் வந்து நின்றாள். "நானும் தெரிஞ்சேதான் குடிச்சேன்" என்றாள்.

கோ லுவின் தரையைப் பார்த்தான். வரிசையில் பல தலைகள் குனிந்தன.

தான் மே எழுந்திருக்கவில்லை. "ஊரு என்னைப் பேசினப்ப நீ பக்கத்துலதான இருந்த?"

"இருந்தேன்."

"என் கூடை திரும்பி வர்றதப் பாத்த."

"பாத்தேன்."

"பெரிய தர்மவதி" என்றாள் தான் மே. யாரும் சிரிக்கவில்லை. அக்கா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு இலை பிசைஞ்சு கொடு" என்றாள்.

தான் மே அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பக்கத்திலிருந்த சருவத்தில் கையை விட்டு, சோப்புப் போட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வெகுநேரம் கழுவினாள். பிசைந்து நீட்டினாள். அக்கா விக்கலோடு தின்றாள். சபே கை நீட்டினாள்.

"உனக்குக் கிடையாது" என்றாள் தான் மே. "பச்சைத் தக்காளி. உன் அண்ணன் என்னைக் கொன்னே போடுவான்."

அப்போதுதான் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

மனசு நல்லதாக இருந்தால் தண்ணீரும் நல்லதாக இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். புத்தர் அப்படி எங்கேயும் சொல்லவில்லை என்று பெரிய பிக்கு மெதுவாகச் சொன்னார். அவரும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்.

பந்தல் இன்னும் இருக்கிறது. இப்போது பானைகளில் காய்ச்சின தண்ணீர்தான். கடலைத்தோலை வீட்டுக்கு வீடு முறைவைத்துக் கொடுக்கிறோம். தான் மேயும் கொடுக்கிறாள், ஆனால் அக்காவிடம் முன்போலக் கேலி பேசுவதில்லை. அது திரும்ப வரவில்லை.

போன வாரம் ஒரு வண்டிக்காரன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "என்னம்மா இது, தர்மம் பண்றேன்னு வெந்நியக் கொடுக்கறீங்க?"

முன்னெல்லாம் என்றால் அக்கா செத்தே போயிருப்பாள். இப்போதும் காது சிவந்தது. குவளையை வாங்கி, அந்தத் தண்ணீரை மறுபடி பானையில் ஊற்றாமல் புளியமரத்து வேரில் ஊற்றினாள்.

"ஆமாப்பா, இன்னும் ஆறல" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "நிழல்ல உக்காரு. ஆறினதும் நானே மொண்டு தர்றேன்."