இடமில்லை என்று எழுதியவள்

பேச்சியம்மாள் போய்விட்டாள் என்று அவள் தம்பி கம்பம் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னான். காமாலை முற்றிவிட்டதாம். நான் குமுளி பஸ் நிலையத்துக்கு ஓடி வருவதற்குள் இன்னொரு அழைப்பு. ஜீப் உரிமையாளர் சங்கச் செயலாளர். "மனசே ஆறலம்மா" என்றார். அதே மூச்சில், "அந்த ஆப் இனிமே யாரு கையில இருக்கும்?" என்று கேட்டார். உடம்பு இன்னும் வீடு வந்து சேரவில்லை.

அவளை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்ததாக இப்போது சொல்லிக்கொள்பவர்களும் படிக்கட்டும். அன்பே உருவானவள் என்று பேனரில் போட்டிருக்கிறார்கள். பச்சைப் பொய். வாடிக்கையாளர்களில் பாதிப் பேரை அவளுக்குப் பிடிக்காது. மீதிப் பேரை இன்னும் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏலக்காய்க் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். ஆப் எழுதுவது அவள், போனில் பதில் சொல்வது நான். ஒருமுறை ரிசார்ட் முதலாளி ஒருவர் வந்தார். பெரிய கம்பெனிகளின் ஆப்பில் இருப்பதெல்லாம் தனக்கும் வேண்டும் என்றார். அவரிடம் இருந்ததோ மூன்றே அறைகள். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஒங்களுக்கு ஆப் எதுக்கு சார்? ரூம் இருக்குன்னு ஒரு போர்டு எழுதி ரோட்டுல மாட்டுங்க, போதும்" என்றாள் பேச்சி. கோபித்துக்கொண்டு போனவர் நிஜமாகவே போர்டு மாட்டினார். இன்னும் தொங்குகிறது.

என்னையும் அவள் விட்டுவைத்ததில்லை. ஓர் அறிவிப்பை "அன்பான பயணிகளே" என்று தொடங்கினேன். "ஜீப் எப்ப வரும்னு மட்டும் சொல்லு. அன்பெல்லாம் அவுக வீட்டுல இருக்கும்" என்று சொல்லி அழித்துவிட்டாள்.

செயலாளர் போனில் கேட்ட ஆப், கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் பெண்களுக்கானது. எந்த ஜீப் எங்கே வரும் என்று பார்த்து இடம் பிடித்துக்கொள்ளலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இருக்கைகள் நிரம்பியதும், "இடமில்லை. அடுத்த ஜீப் பாருங்க" என்று திரையில் வந்துவிடும். அதற்குமுன் மடிமேல் மடியாக உட்கார்ந்தும் பின்கம்பியில் தொங்கியும் அத்தனை வளைவுகளையும் கடந்தவர்கள் அந்தப் பெண்கள். பேச்சியின் அம்மாவும் அப்படிப் போய் வந்தவர்தான்.

இருக்கை எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லிச் செயலாளர் ஒருநாள் தன் ஆட்களோடு மாடியேறி வந்தார். "ஒரு நம்பர மாத்துறதுக்கு இம்புட்டு பிகுவா?"

பேச்சி நாற்காலியை விட்டு எழவில்லை. "மாத்தித் தாரேண்ணே. அந்தக் கூடுதல் ஆளா ஒங்க வீட்டு மதினிய ஏத்திவிடுங்க. கம்பியப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வரட்டும். நாளைக்கே மாத்திருவோம்."

கீழே இறங்கியவர்கள், சங்கத்து ஜீப்புகளை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெண்களோ ஆப்பில் இருந்த மற்ற ஜீப்புகளில் ஏறிப் போனார்கள். சங்கம் கொஞ்சநாளில் வெட்கமே இல்லாமல் திரும்பி வந்தது.

நேற்று அஞ்சலிக் கூட்டத்தில் அதே செயலாளர் "எங்க வீட்டுப் பொண்ணு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீ வந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஆப்புக்கு அந்தப் புள்ள பேரையே வச்சிருவோம்மா. காலத்துக்கும் நிக்கும். அந்த சீட்டு விஷயத்த மட்டும் கொஞ்சம் பாத்துக்க." மாற்றித் தர கொச்சியில் ஆள் தயாராம். கடவுச்சொல்லை மட்டும் நான் சொன்னால் போதுமாம். செத்தவளுக்கே அவள் பெயரை லஞ்சமாகக் கொடுக்க வந்த ஆளை என் வாழ்க்கையில் நேற்றுதான் பார்த்தேன்.

கடவுச்சொல் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் எனக்கு ஆப் எழுத வராது. பழுதானால் யாரிடம் போவேன், எத்தனை நாள் ஓட்டுவேன் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. பேச்சியின் மூளை அவளோடு போய்விட்டது. அவளுடைய வாய் மட்டும் கொஞ்சம் என்னிடம் தங்கியிருக்கிறது. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நேற்று டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் செயலாளரிடம் சொன்னேன்: "இடமில்லண்ணே. அடுத்த ஜீப் பாருங்க."