எக்ஸ்ரே படத்தில் வெட்டிய பூ

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், வரிசை வீடான லயத்தை விட்டுப் புதிதாகக் கட்டிய தனிவீட்டுக்குக் குடிவந்திருந்தார் சுப்பையா. தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தவர். நெஞ்சு நோய் கண்டு கட்டிலோடு கிடந்தார். பதுளையில் டொக்டரைப் பார்க்கப் போன இடத்தில், சுவரில் பூப்போட்ட வோல்பேப்பரைக் கண்டு ஆசைப்பட்டிருக்கிறார். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் அதேபோல வேண்டும் என்று பெயின்டர் என்னைக் கூப்பிட்டார்கள்.

"அந்தக் காசுக்கு இன்னொரு ரூமே பூசலாம். இந்த ஈரத்துல அது உரிஞ்சிதான் தொங்கும்," என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "பூவை அச்சா வெட்டி, ஸ்டென்சில் அடிச்சித் தர்றேன். வெட்டுறதுக்குப் பழைய எக்ஸ்ரே படம் இருந்தா குடுங்க."

தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிமார் கவனிக்க வேண்டும். கடை ஸ்டென்சிலை விட எக்ஸ்ரே படம் மேல். வளையும், கிழியாது, கழுவி வைத்தால் திரும்பவும் உதவும்.

சுப்பையா தலைமாட்டு உறையிலிருந்து தன் படத்தையே எடுத்து நீட்டினார். "இத வெட்டுங்க பாஸ். இதுல பாக்குறதுக்கு டொக்டருக்கு இனி ஒண்ணுமில்லயாம்."

விலா எலும்புகளுக்கு நடுவே பூவை வெட்டினேன். கை கூசியது. அவரோ, "நெஞ்சுல பூ பூத்திருச்சு," என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஸ்டென்சிலுக்கு அவசரம் ஆகாது. ஸ்பொஞ்சில் பெயின்ட் கூடினால் ஓரத்தில் ஊறிவிடும். துணியில் ஒற்றி ஒற்றித்தான் அடிக்க வேண்டும். அவர் மனைவி மாரியாயி என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. "இன்னைக்கி முடிஞ்சிருமாண்ணே?" என்று ஓயாமல் கேட்டார்.

"சுவரு காய வேணாமா? நா என்ன மந்திரமா போடுறேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

மாரியாயி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். "அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா ஒரு வருசத்துக்கு வீட்டுல பெயின்ட் அடிக்கக்கூடாதுங்கண்ணே. அவரு ஆசப்பட்ட சுவரு பாதியில நின்னுரும்."

நான் திரும்பிப் போய் ஸ்பொஞ்சை எடுத்தேன்.

மறுநாள் காலையில் கீழ்வரிசை மட்டும்தான் பாக்கி. மாரியாயி வாசலிலேயே நின்றார். "இப்பதாங்கண்ணே போயிட்டாரு," என்றார் மெதுவாக. நான் பெயின்ட் வாளியைக் கீழே வைத்தேன்.

"வைக்காதீங்கண்ணே. இன்னும் யாருக்கும் சொல்லல. நா வாய்விட்டு அழுதா லயத்துச் சனமெல்லாம் ஓடியாந்துரும். அதுக்கப்புறம் இது சாவு வீடு. முடிச்சிருங்க. அதுவரைக்கும் நா அழமாட்டேன்."

போர்வை மூடிக் கிடந்தவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அவருடைய நெஞ்சுப் படத்தைத் திரும்பவும் சுவரில் டேப் போட்டு ஒட்டினேன். மாரியாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கட்டிலின் காலடியில் இருந்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்து வந்து அடங்கியது. அதைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வது பெரிய கொடுமை. அள்ளி அப்பிவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் ஒற்றித்தான் அடித்தேன்.

கடைசியாக டேப்பை உரித்தேன். "முடிஞ்சிருச்சு தங்கச்சி. இனி அழுங்க."

அவர் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

இப்போதும் எந்த வீட்டிலும் வேலை முடிந்தது என்று சொல்வதற்கு முன், வீட்டுக்காரர் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.