இருட்டில் கேட்ட என் கதை

குடியை விட்டவர்கள் எங்கள் பனியன் ஊரில், ராயபுரத்தில் ஒரு மாடியில் கூடுவதாகக் கேள்விப்பட்டு, ஒரு சாயங்காலம் தேடிப் போனேன். படியேறும்போதே கரண்ட் போய்விட்டது. உள்ளே இருட்டில் ஒரு குரல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"ஊட்டுல கெடக்கற பனியன் வேஸ்ட் துணி மூட்டைக்குள்ள பாட்டிலை ஒளிச்சு வெப்பனுங்க. பாப்பா அதுமேலயே தூங்கிருவா. அவளை உருட்டி உட்டுட்டு எடுப்பனுங்க."

நான் செய்வதும் அதையேதான். அது என் வீடு, என் மகள். என் மனைவிதான் முன்னாடியே இங்கே வந்து சொல்லிவிட்டாள் என்று ஆத்திரத்தோடு படியிலேயே நின்று, இறங்கத் திரும்பினேன். அப்போது கரண்ட் வந்தது. பேசியவரை நான் பார்த்ததே இல்லை.

"என் கதையை யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

"இது என் கதைங்க. உள்ள வாங்க."

இப்போதெல்லாம் கூட்டத்தில் கரண்ட் போனால், அந்த மூட்டைக் கதையை நான்தான் சத்தமாகச் சொல்கிறேன். சில நாள், படியேறி வரும் செருப்புச் சத்தம் பாதியில் நின்றுவிடுகிறது.