கிழங்கு பிடிக்காத சரிவு

எந்தச் செடியைத் தாண்டிப் போனாலும் அம்மாக்கண்ணு அதன் நுனியைக் கிள்ளாமல் போகமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இருளப்பன் அதைப் பார்த்து வந்தான். தேயிலைக் கொழுந்தெடுத்துப் பழகிய கை.

"தூக்கத்துல என் மீசையையும் கிள்ளிடாத புள்ள," என்பான்.

ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். தேயிலை ஆலையை மூடிவிட்டார்கள். சம்பளமும் நின்றது, அரிசியும் நின்றது. அப்போது தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கிடந்த சரிவைக் கொத்திச் சக்கரவள்ளிக் கொடி நடலாம் என்றவள் அம்மாக்கண்ணுதான். வீட்டுக்கு ஓர் ஆள் உழைக்க வேண்டும், லயத்துக்கே ஒரே அடுப்பு, மிஞ்சுவதைத் தானா ராத்தா சந்தையில் விற்று எல்லாருக்கும் உப்பும் துணியும் என்பது அவள் கணக்கு. முதலில் சிரித்தவர்கள்கூடப் பிறகு மண்வெட்டியோடு வந்தார்கள்.

கொடி படர்ந்த சமயம் கங்காணி கருப்பையா வந்தார்.

"சயாம்ல ரயில் ரோடு போட ஜப்பான்காரனுங்க ஆள் புடிக்கிறானுங்க. பட்டாளத்துக்குக் கிழங்கு குடுக்கிற லயத்துல கை வைக்க மாட்டானாம். கிழங்கு இல்லேன்னா, மொத ஆளு உன் புருசன்தான்."

"குடுத்துடுவோம் கங்காணி," என்றாள் அம்மாக்கண்ணு.

கிழங்கு விளையும்வரை அடுப்புக்குக் கீரை வேண்டுமே, கொடியின் கொழுந்துதான் கீரை. பெண்கள் முதுகில் கூடை மாட்டி, ஆளுக்கொரு வரிசையாக நிரை பிடித்து, தேயிலைக்குப் போவதுபோலவே வாரம் தவறாமல் கொடி கிள்ளப் போனார்கள். பக்கத்து வீட்டு மேவிஸ் மட்டும் தயங்கினாள்.

"இப்படி மொட்டையடிச்சா கிழங்கு பிடிக்குமாக்கா?"

"கிள்ளக் கிள்ளத்தான்டி செடிக்குத் தெம்பு. சந்தேகமா இருந்தா ஒன் மாதாகிட்ட கேட்டுட்டு வா லா!"

எல்லாரும் சிரித்தார்கள். மேவிஸும் சிரித்துக்கொண்டே கிள்ளினாள்.

கிழங்கு தோண்டும் நாளில் பட்டாளத்து லோரி சாலையில் வந்து நின்றது. அம்மாக்கண்ணு முதல் கொடியைப் பிடுங்கினாள். சுண்டுவிரல் பருமனில் வேர் வந்தது. அடுத்ததிலும் வேர்தான். பெண்கள் சரிவு முழுவதையும் கிளறினார்கள். ஒரு கூடைகூட நிறையவில்லை.

யாரும் அவளை ஏசவில்லை. கங்காணி தலையைக் குனிந்துகொண்டார்.

"எலையத் தின்னுட்டோம். கெழங்கு எங்கேருந்து வரும்? விடு புள்ள, ஒனக்கென்ன தெரியும்," என்றான் இருளப்பன். மாற்றுச் சட்டையை எடுத்துக்கொண்டு லோரியில் ஏறினான். அம்மாக்கண்ணு கையில் அந்த வேர்கள் இருந்தன.

மறுநாள் பொது அடுப்பை யாரும் மூட்டவில்லை. அவரவர் வீட்டில், கிடைத்ததை அவரவர் வேகவைத்தார்கள்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்துவிட்டது. ஆலை மறுபடி ஓடுகிறது. அந்தச் சரிவிலும் தேயிலை நட்டுவிட்டார்கள். சயாமுக்குப் போனவர்களில் சிலர் திரும்பினார்கள். இருளப்பன் திரும்பவில்லை. அம்மாக்கண்ணு தனியாக இருக்கிறாள்.